கண்ணாடி அடுப்பில் இஞ்சி பியர் காய்ச்ச எந்தப் பானை?

இஞ்சி பியர் காய்ச்சப் பானை வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை லீற்றர்?" என்றுதான். கண்ணாடி அடுப்பு வைத்திருப்பவர்கள் லீற்றரைச் சொல்வதற்கு முன் அடியின் அகலத்தைச் சொல்லுங்கள். பானை பெரிதாகிவிட்டால் அடுப்புத்தான் முதலில் அடிபடும்.

(உண்மையான பியரையே வடிக்க நினைப்பவர்களுக்கு: அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் மது வடிப்பது இலங்கையில் குற்றம். இங்கே சொல்வது உள்ளே வாயு நிறைந்து போத்தல் இறுகியதும் ஃபிரிட்ஜுக்குப் போகிற இஞ்சி பியருக்கு மட்டும்.)

உங்கள் அடுப்பு எந்த வகை?

கேஸ் குக்கரின் மேல்தட்டு டெம்பர்ட் கண்ணாடி. நெருப்பு அதற்கு மேலேதான் எரிகிறது. அகலமான கிடாரத்தை ஏற்றினால் சூடு மேலே போக வழியில்லாமல் கண்ணாடிப் பக்கமே திரும்பும். அரை மணி நேரம் அப்படி எரியும்போது ஈரத்துணி பட்டாலோ பச்சைத் தண்ணீர் சிந்தினாலோ தட்டு பொலபொலவென்று சிறு துண்டுகளாக உடைந்துவிடும். 26 சென்ரிமீற்றருக்கு மேல் அகலம் வேண்டாம். அடுப்போடு வந்த கைநூலில் அதைவிடக் குறைத்துப் போட்டிருந்தால் அந்த அளவுதான் கணக்கு. ஒரே கிடாரத்தை இரண்டு பர்னரிலும் படுகிற மாதிரி வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இன்ஃப்ராரெட், இண்டக்ஷன் அடுப்புகளில் இருப்பது கிளாஸ் செராமிக். சூட்டில் இது விரிவதே இல்லை என்று சொல்லலாம்; அதனால் சூடு பட்டு உடைவது அரிது. பாரமான பானையைத் தொப்பென்று வைத்தால்தான் விரிசல் விழும். இவற்றில் தட்டில் போட்டிருக்கும் வட்டக் கோட்டைவிடப் பானை 2 சென்ரிமீற்றர் வெளியே நின்றால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் ஓரத்தில் சூடு ஏறாது, நடுவில் அடிப்பிடிக்கும்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

பானையைக் கவிழ்த்து, அடியின் குறுக்கே ஒரு ஸ்டீல் அடிமட்டத்தை நிறுத்திப் பாருங்கள். நடுவில் மெல்லிய இடைவெளி தெரிந்தால் நல்லது, சூடேறும்போது அடி கொஞ்சம் கீழே தள்ளி மட்டமாகிவிடும். அடிமட்டம் நடுவில் முட்டி இருபக்கமும் ஆடினால் அந்தப் பானையை வைத்துவிட்டு வாருங்கள். அது கண்ணாடியில் பம்பரமாகச் சுழலும். இடைவெளி அதிகமாக இருந்தாலும் தொல்லைதான். இன்ஃப்ராரெட் அடுப்பில் கண்ணாடி மட்டும் சூடேறி, உள்ளே இருக்கும் சூட்டுக்காவல் அடிக்கடி கரண்டைத் துண்டிக்கும். தண்ணீர் கொதிக்காமல் மணிக்கணக்கில் முனகிக்கொண்டே இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இண்டக்ஷன் என்றால் சட்டைப் பையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். அதை ஒட்டிப் பார்க்க வேண்டியது அடியில். பக்கச் சுவரில் ஒட்டாவிட்டாலும் பரவாயில்லை. நல்ல 304 ரக எவர்சில்வரில் காந்தம் சரியாக ஒட்டாது, அடியில் காந்தம் பிடிக்கும் தகடு வைத்திருந்தால் போதும்.

அலுமினியம் சீக்கிரம் சூடேறும், விலையும் குறைவு. ஆனாலும் இந்த வேலைக்கு நான் வாங்கச் சொல்லமாட்டேன். தேசிக்காய்ப் புளி பட்டால் அலுமினியம் கரையும், செராமிக் தட்டில் சாம்பல் நிறக் கோடும் விழும். எனாமல் பானை வற்றிப்போனால் பூச்சு உருகிக் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளலாம். மெல்லிய எவர்சில்வரும் வேண்டாம். எவர்சில்வர் சூட்டைப் பரப்பாது, அதனால் நடுவில் அலுமினியத் தகடு வைத்த தடித்த அடியாகப் பாருங்கள். கைபிடி ரிவிட் அடித்ததாக இருக்கட்டும். அடியில் குழாய் வைத்த பானை முதல் தடவைக்குத் தேவையே இல்லை.

சின்னப் பானையே போதும்

8 லீற்றர் பானத்துக்கு 8 லீற்றரையும் ஒரே தடவையில் கொதிக்க வைக்கத் தேவையில்லை. நுவரெலியாவில் காலையில் குழாய்த் தண்ணீர் 18 பாகை என்று வைத்துக்கொண்டால், 2,000 வொட் இன்ஃப்ராரெட் அடுப்பில் 10 லீற்றர் கொதிக்க மூடி போட்டும் ஏறக்குறைய 38 நிமிடம் ஆகும். 4 லீற்றருக்கு 15 நிமிடம். ஆகவே பாதித் தண்ணீரில் கெட்டிச் சாறு எடுத்து, மீதியைப் பிறகு சேர்ப்பதே நல்லது.

24 சென்ரிமீற்றர் அகலப் பானையில் ஒவ்வொரு சென்ரிமீற்றர் உயரத்துக்கும் 450 மில்லிலீற்றர் பிடிக்கும். 15 சென்ரிமீற்றர் உயரம் என்றால் ஏறத்தாழ 6.8 லீற்றர். நமக்கு இது தாராளம்.

1. முதல் நாள் இரவே 4 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி ஆறவிடுங்கள்.

2. மறுநாள் வெறும் பானையை அடுப்பில் வைத்த பிறகே ஜக்கால் 4 லீற்றர் ஊற்றுங்கள். நிறைந்த பானையைத் தூக்கி வைக்கும்போதுதான் கை நழுவும். இடம் மாற்ற வேண்டுமானால் தூக்குங்கள், இழுக்காதீர்கள்.

3. நசுக்கிய இஞ்சி 400 கிராம் போட்டு, கொதி வந்ததும் சூட்டைக் குறைத்து 20 நிமிடம் விடுங்கள். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கண்டியில் 98. அடுப்பை முழுதாகத் திறந்தாலும் அந்த 94 ஏறாது, தண்ணீர்தான் வற்றும். இன்னும் காரம் வேண்டுமா, 10 நிமிடம் கூட்டுங்கள்.

4. அடுப்பை அணைத்த பிறகு 800 கிராம் சீனியைக் கொட்டிக் கலக்குங்கள்.

இந்த நாலாவதில்தான் செராமிக் தட்டுகள் பாழாகின்றன. அடுப்பு எரியும்போது சீனியைக் கொட்டினால் ஒன்று அடிப்பிடிக்கும், அல்லது நுரைத்துப் பொங்கி வழியும். வழிந்த பாகு தட்டில் ஆறி இறுகும்போது கண்ணாடியின் மேல்பரப்பையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். சிறு பள்ளங்கள் நிரந்தரமாக நின்றுவிடும். வழிந்துவிட்டால் ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுப்பை அணைத்து, பானையைத் தூக்கிப் பலகையில் வைத்து, சமையல் கையுறை போட்டுக்கொண்டு, பிளேட் செருகிய சுரண்டியால் சூட்டோடு சூடாக வழித்தெடுங்கள். பிளேட்டைச் சாய்த்துப் பிடியுங்கள். ஈரத்துணியெல்லாம் ஆறிய பிறகு. இந்தச் சுரண்டியைப் பானையோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

இன்ஃப்ராரெட் அடுப்பு அணைத்த பிறகும் சில நிமிடங்கள் கொதிக்க வைக்கும். கொதி அடங்கும்வரை சீனிப் பொதியைத் திறக்க வேண்டாம்.

5. வடிகட்டி, ஆறிய தண்ணீர் 4 லீற்றரையும் 6 தேசிக்காயின் புளியையும் சேருங்கள். 30 பாகைக்குக் கீழே வந்ததும் கால் தேக்கரண்டி ஈஸ்ட். போத்தல் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். கண்ணாடிப் போத்தல் அழுத்தம் கூடினால் வெடிக்கும். அமுக்கிப் பார்த்து இறுகியதும் ஃபிரிட்ஜுக்கு. மலைக் குளிரில் இதற்கு ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும்.

பின்னர் சேர்த்தது: பானையும் அடியும் சரியாக இருந்தும் சூடு ஏறவில்லை என்றால் பிளக்கைப் பாருங்கள். 2,000 வொட் அடுப்பு 230 வோல்ற்றில் 8.7 அம்பியர் இழுக்கும்; பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் உருண்டைப் பின் பிளக்கில் அதைச் செருகவே கூடாது. 13 அல்லது 15 அம்பியர் பிளக் வேண்டும். மாலையில் வோல்ற்று 200க்கு இறங்கினால் இன்ஃப்ராரெட் அடுப்பின் சூடு கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும், ஆகவே காலையிலேயே காய்ச்சுங்கள்.