டயர் கிழிந்த இடத்தில் ஒரு டாலர் நோட்டு

கொலராடோவின் மோனார்க் கிரெஸ்ட் பாதைக்கு மலை சைக்கிளோடு நண்பர்கள் நாலு பேர் போயிருந்தோம். தொடக்கமே 3,448 மீட்டர் உயரத்தில் உள்ள மோனார்க் கணவாய்தான். அங்கிருந்து மரங்கள் நின்றுபோன உயரத்தில், மலை முகட்டை ஒட்டியே ஓடும் ஒற்றையடிப் பாதை. கோடையில் மதியமானால் இடி மின்னல் வந்துவிடும், ஒதுங்க இடம் கிடையாது. அதனால் விடிந்ததுமே கிளம்பினோம்.

மார்ஷல் கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால், கூரான ஒரு கல் என் பின் டயரின் பக்கவாட்டைக் கீறிவிட்டது. ட்யூப்லெஸ் டயர். உள்ளிருந்த சீலன்ட், அதாவது சின்ன ஓட்டைகளைத் தானாக அடைக்கும் திரவம், பால் மாதிரிப் பீய்ச்சியடித்துக் கெண்டைக்காலெல்லாம் ஒட்டியது. ஓட்டையை அடைக்கும் ரப்பர் துண்டான பிளக் இரண்டைச் செருகிப் பார்த்தேன், நிற்கவில்லை. தரையில் படும் தடித்த பகுதியில் ஓட்டை என்றால் பிளக் பிடிக்கும். மெல்லிய பக்கவாட்டில், அதுவும் கட்டைவிரல் நகம் அளவு கிழிசலில், வேலைக்காகாது.

சரி, ட்யூப் போடலாம் என்றால், அதற்கு முன் கழற்ற வேண்டிய பழைய வால்வின் நட்டு காய்ந்த சீலன்டில் இறுகிக் கிடந்தது. நண்பனிடம் சின்னக் குறடு இருந்ததால் தப்பித்தேன். அப்படியே ட்யூபைப் போட்டால் கிழிசல் வழியே பிதுங்கி வெடிக்கும். அதனால் ஒரு டாலர் நோட்டை மடித்து உள்பக்கம் வைத்து, அதன்மேல் ட்யூபைப் பொருத்தினேன். அந்த நோட்டு 75 சதவீதம் பருத்தி, 25 சதவீதம் லினன், லேசில் கிழியாது. கைப்பம்பில் காற்றடித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது, அந்த உயரம் அப்படி.

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. பான்ச்சா ஸ்பிரிங்ஸ் வரை நோட்டு தாங்கியது. இப்போதெல்லாம் வால்வு நட்டை விரலால் மட்டுமே முடுக்குகிறேன். அப்புறம், ஒரு குறடும் வாங்கிவிட்டேன்.