தம்பி ஆடும் வேலரண்ட்டும் என் கணக்கு ஃபைல்களும் ஒரே கம்ப்யூட்டரில்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். பகலில் நான் ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பேன். பத்துப் பதினைந்து கடைக்காரர்களின் பில்லும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அதில்தான் கிடக்கின்றன. ராத்திரி தம்பி வேலரண்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவான். அதோடு வரும் வான்கார்ட் என்ற ஆன்ட்டி-சீட் (ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் சாஃப்ட்வேர்), விண்டோஸின் கெர்னல், அதாவது எல்லாவற்றையும் தொடக்கூடிய அடித்தளம் வரை இறங்கி உட்காருவது. கேமைத் திறக்கும்வரைகூடக் காத்திருக்காது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ஓட ஆரம்பித்துவிடும்.

ஏமாற்று சாஃப்ட்வேர்களே கெர்னலுக்குள் நுழைவதால், பிடிக்கிறவனும் அங்கே போக வேண்டியிருக்கிறது. அது எனக்குப் புரிகிறது. என் ஃபைலைப் படிக்கிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் படிக்க முடிகிற இடத்தில் அது இருக்கிறது. கெர்னலில் ஓடும் அதன் பகுதிக்கு டிரைவர் என்று பெயர். அந்த டிரைவரில் ஓட்டை இருந்தால் வேறு யாராவது அதைப் பிடித்துக்கொள்ளலாம்: 2022இல் கென்ஷின் இம்பாக்ட் என்ற கேமின் ஆன்ட்டி-சீட் டிரைவரைக் கொண்டே, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று ஆன்ட்டிவைரஸை நிறுத்தியது. ஊரார் நம்பித் தந்த கணக்குக்கு நான்தானே பொறுப்பு?

"தம்பிக்குத் தனி யூசர் அக்கவுன்ட் போட்டுக் கொடு" என்று சிலர் சொன்னார்கள். பயனில்லை. கெர்னல் டிரைவர் எல்லா அக்கவுன்ட்டுக்கும் அடியில் ஓடுவது.

முதலில், உங்கள் கம்ப்யூட்டரில் வான்கார்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, சாஃப்ட்வேர் என்விரான்மென்ட், அதற்குள் சிஸ்டம் டிரைவர்ஸ். வான்கார்ட் டிரைவரின் பெயர் வி, ஜி, கே என்று மூன்றே எழுத்து. அந்த வரியில் "ஸ்டார்ட்டட்" என்ற கட்டத்தில் "யெஸ்" இருந்தால் ஓடுகிறது. நிறுத்த, டாஸ்க்பாரின் வலது மூலையில் அதன் ஐகானை ரைட் கிளிக் செய்து வெளியேறலாம். மறுபடி ஆட ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

தினமும் இதை ஞாபகம் வைத்துச் செய்ய என்னால் முடியவில்லை. அதனால் இரண்டாவது எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்) ஒன்று வாங்கி, கேமுக்கென்றே தனி விண்டோஸ் போட்டேன். என் விண்டோஸும் கணக்கும் இருக்கும் பழைய டிரைவிலிருந்து கேமை எடுத்தேன். இன்ஸ்டால்டு ஆப்ஸில் வான்கார்ட் தனிப் பெயரில் இருக்கும், அதையும் எடுங்கள். பிறகு என் டிரைவை, விண்டோஸோடு வரும் பிட்லாக்கர் என்ற பூட்டால் பூட்டினேன். தம்பியின் விண்டோஸில் அந்த டிரைவ் பூட்டிய பெட்டியாகத்தான் தெரியும். அங்கிருந்து ஒருநாளும் அதைத் திறக்காதீர்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். விண்டோஸ் 11இல் வேலரண்ட் ஆட செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆன் ஆகியிருக்க வேண்டும். அதற்காக பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கில்) நான் கைவைத்ததும், என் டிரைவ் நீலத் திரையில், பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. மாதம் 20ஆம் தேதி, ரிட்டர்ன் போடக் கடைசி நாள். அம்மாவின் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்த பிரின்ட் அவுட்தான் காப்பாற்றியது. பயாஸைத் தொடுமுன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள், அதாவது தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். கீயைக் காகிதத்தில் வையுங்கள்.

கேம் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் 2024 அக்டோபர் முதல், கெர்னல் ஆன்ட்டி-சீட் இருந்தால் கேமின் விற்பனைப் பக்கத்திலேயே சொல்லியாக வேண்டும். புது கேம் வாங்குமுன் தம்பி அந்த வரியை எனக்கு வாசித்துக் காட்டுகிறான். கெர்னல் என்று இருந்தால் அது அவன் எஸ்எஸ்டிக்குத்தான் போகும்.