வினையோடு ஒட்டும் சிறு சொல்: ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில வினைச்சொல் ஒன்றின் பொருளை அறிந்தவர், அதன் பின்னே ‘அப்’, ‘ஓஃப்’, ‘இன்’ போன்ற சிறு சொல் ஒட்டிய பிறகும் அதே பொருள்தான் தொடரும் என்று எண்ணிவிடுகிறார். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதி மாணவர்களின் கட்டுரைகளிலும் வேலை விண்ணப்பங்களிலும் காணப்படும் பல பிழைகளுக்கு இதுவே வேர். ‘கொடு’ வேறு, ‘விட்டுக்கொடு’ வேறு என்பது தமிழருக்குப் புதிதல்லவே. அதுபோல ‘கிவ்’ என்பது கொடுப்பது, ‘கிவ் இன்’ என்பது விட்டுக்கொடுப்பது, ‘கிவ் அப்’ என்பது கைவிடுவது.

பெரும்போகத்தில் நெல் செய்வதைச் சொல்ல ‘வீ குரோ பெடி’ போதும். ‘குரோ அப்’ என்பது பிள்ளை வளர்ந்து ஆளாவதைக் குறிப்பதால், ‘ஐ குரூ அப் இன் கல்முனை’ சரி, ‘வீ குரோ அப் பெடி’ பிழை. தொலைந்த அடையாள அட்டை கிடைத்தால் ‘ஃபவுன்ட்’. பெறுபேறு வெளியாகும் நாளை விசாரித்து அறிந்தால் ‘ஃபவுன்ட் அவுட்’.

உண்மையில் பாதிப்பை உண்டாக்கக்கூடியது ‘கோல் ஓஃப்’, ‘புட் ஓஃப்’ குழப்பம்தான். மாரி வெள்ளத்தில் வீதி மூழ்கியதால் கமக்காரர் அமைப்பின் கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். செயலாளர், உதவி வழங்கும் நிறுவனத்துக்கு ‘த மீட்டிங் இஸ் கோல்ட் ஓஃப்’ என்று எழுதினால், கூட்டமே இரத்தாகிவிட்டது என்று அங்குள்ளவர்கள் விளங்கிக்கொள்வார்கள்; வரவிருந்த அலுவலரும் அடுத்த வாரத்துக்கு வேறு வேலை ஏற்றுக்கொள்வார். தள்ளிவைப்பதற்கு ‘புட் ஓஃப்’ என்பதே சொல். அலுவலகக் கடிதமாயின் ‘போஸ்ட்போன்ட்’ இன்னும் பொருத்தம்.

சொல்வரிசையும் கவனத்துக்குரியது. பிரதேச செயலகத்தில் பெற்ற படிவத்தை நிரப்புவதை ‘ஃபில் இன் த ஃபோர்ம்’ என்றும் ‘ஃபில் த ஃபோர்ம் இன்’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: ‘ஃபில் இட் இன்’. ‘லுக் ஆஃப்டர்’ இவ்வாறு பிரியாது; ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்றே வரும். ‘ஆஃப்டர்’ விடுபட்டு ‘ஐ லுக் மை மதர்’ ஆனால், தாயைப் பராமரித்ததாகவும் ஆகாது, பார்த்ததாகவும் ஆகாது; பார்ப்பதற்கும் ‘அட்’ வேண்டும்.

தேவையற்ற இடத்தில் ஒட்டுவது இதன் மறுபக்கம். சமாளிப்பதைச் சொல்ல எழுதும் ‘கோப் அப் வித்’ என்பதில் ‘அப்’ மிகை. ‘ரிட்டேர்ன் பேக்’ என்பதில் ‘பேக்’ மிகை. ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின் ‘அபவுட்’ வராது. ‘டிஸ்கஷன்’ என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின் அது வருவதே இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணமாகலாம்.