பெங்களூரில் கணினிசார் நரம்பியல் ஆய்வுக்குத் தயாராவது எப்படி

பக்கவாதத்தால் பேச்சை இழந்த ஒருவருக்குச் சில மாதங்களில் அது ஓரளவு திரும்புகிறதென்றால், அதற்குக் காரணம் இறந்த நரம்பணுக்கள் உயிர்பெறுவது அன்று. எஞ்சிய பகுதிகள் தமக்குள் இணைப்புகளை மாற்றியமைத்துக்கொள்வதே பெரும்பங்கு வகிக்கிறது. ஓரிடத்துச் சேதம் அதனோடு இணைந்த தொலைவான பகுதிகளையும் முடக்கும் என்பதை நரம்பியல் அறிஞர் வான் மொனாக்கோவ் 1914-இலேயே விளக்கினார். அந்த முடக்கத்தையும் மீட்சியையும் சமன்பாடுகளால் ஆராய விரும்பித் தமிழகத்திலிருந்து பெங்களூருக்கு வரும் பொறியியல், இயற்பியல் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவு ஆகிய மூன்றையும் உறுதியாகக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு, நரம்பில் மின்துடிப்பு எழுவதை விளக்க ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் கணவாய் மீனின் பெரிய நரம்பிழைக்கு எழுதிய நான்கு சமன்பாடுகளை, ஆயத்த மென்பொருள் எதையும் நாடாமல், பைத்தானில் நீங்களே எழுதி இயக்குங்கள். உள்ளே செலுத்தும் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டும்போது எந்த அளவில் நரம்பணு துடிக்கத் தொடங்குகிறது என்பதைக் கண்ணால் கண்ட பிறகே பாடப்புத்தகம் புரியும்.

அடுத்ததாக, மூளையின் எந்தப் பகுதி எதனோடு எவ்வளவு இணைந்துள்ளது என்று காட்டும் இணைப்பு அணி (matrix) ஒன்றைப் பொதுத் தரவுகளிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும், தூண்டும் நரம்பணுக் கூட்டமும் தடுக்கும் நரம்பணுக் கூட்டமும் ஒன்றையொன்று பாதிப்பதை விவரிக்கும் 1972-இன் வில்சன்–கோவன் மாதிரியைப் பொருத்துங்கள். ஒரு பகுதியை நீக்கிவிட்டு மற்றவற்றின் ஒத்தியக்கம் எவ்வளவு குலைகிறது என்று அளந்து, பின் தடுப்பு இணைப்புகளின் வலிமை தானாகச் சரிசெய்துகொள்ளும்படி விட்டு, எது மீள்கிறது என்று பாருங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். நிறைய இணைப்புகள் உள்ள பகுதியை நீக்கினால் சேதம் மிகுவது இயல்பே. ஆகவே, ஒவ்வொரு பகுதிக்கும் இணைப்புகளின் எண்ணிக்கையை மாற்றாமல் அவற்றைத் தாறுமாறாகக் கலைத்த வலையமைப்போடு ஒப்பிடாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். கணினியில் மீண்டதாலேயே நோயாளியும் மீள்வார் என்று கருதவும் கூடாது. ஒரே நோயாளியைச் சில வாரங்கள் கழித்தும் சில மாதங்கள் கழித்தும் எடுத்த ஸ்கேன்களோடு மாதிரி பொருந்துகிறதா என்பதே சோதனை.

இந்நகரில் இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையம், தேசிய உயிரியல் அறிவியல் மையமான என்சிபிஎஸ், தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனமான நிமான்ஸ் ஆகியவை முக்கியமானவை. முனைவர் பட்டச் சேர்க்கைக்கான தேர்வுகளும் தகுதிகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படியுங்கள். பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் மதிப்பெண்களை அடுக்குவதைவிட, மேற்சொன்ன பயிற்சியில் கிடைத்த ஒரு வரைபடத்தையும் அதில் உங்களுக்குப் புரியாத ஒரு கேள்வியையும் வைப்பது நல்லது என்பது என் கருத்து.

நம்முடைய மொழியும் இத்துறையில் ஒரு கருவியே. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசுகிறவர்கள் பெங்களூரின் அல்சூர்ப் பகுதியில் ஏராளம். அத்தகைய ஒருவர் பக்கவாதத்தால் பேச்சை இழந்தால் இரு மொழிகளும் ஒரே வேகத்தில் திரும்ப வேண்டுமென்பதில்லை. எனவே தரவு சேகரிக்கும் குழுவில் இடம் கிடைத்தால், பேச்சுப் பயிற்சியாளருக்கு அருகில் அமர்ந்து, நோயாளி எந்தச் சொல்லை எந்த மொழியில் தேடித் தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் கோப்பில் அது பதிவாவதில்லை.