எழுத்தாளர் வட்டத்தை ஒரு வருடம் நடத்துவது எப்படி: திருகோணமலைக்கு ஒரு கையேடு

எழுத்தாளர் வட்டம் தொடங்குவது லேசு. ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு பனர், ஒரு குத்துவிளக்கு இருந்தால் முடிந்தது. இரண்டாம் வருடமும் அது இருக்கவேண்டுமென்றால், மாதத்தில் இரண்டு மணித்தியாலமாவது ஒருவர் எழுதியதை மற்றவர்கள் வரிவரியாகப் படிக்கவேண்டும். கீழே வருவதெல்லாம் அந்த இரண்டு மணித்தியாலத்துக்கான ஏற்பாடு.

தை: ஆட்களும் நேரமும்

பொங்கல் கழிந்த ஞாயிறு பொதுக்கூட்டம். தலைவர், செயலாளர், பொருளாளர், தொகுப்பாசிரியர் போதும். போஷகர், காப்பாளர், ஆலோசகர் என்று கூட்டிக்கொண்டே போனால் மேடையில் கதிரை காணாது, வேலைக்கு ஆள் இருக்காது. இரண்டு பக்கத்தில் யாப்பு, அதாவது வட்டத்தின் விதிகள், எழுதி, பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடம் கொண்டுபோய்ப் பதிந்துகொள்ளுங்கள். வங்கிக் கணக்குக்குப் பதிவுக் கடிதமும் கூட்டறிக்கைப் பிரதியும் தேவைப்படும். கையொப்பம் மூவரில் இருவர் என்று வையுங்கள். ஒருவர் இடமாற்றத்தில் போனாலும் காசு முடங்காது.

நேரத்தை ஊரின் கணக்குப்படி பாருங்கள். வெள்ளி ஜும்ஆ, சனி, ஞாயிறு காலை ரியூசன். மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் 4 முதல் 6 வரை என்றால் அஸர் தொழுதுவிட்டு வந்து மஃரிபுக்கு முன் எழும்பலாம். மூதூர், கிண்ணியா, குச்சவெளிக்காரர் பஸ்ஸையும் பிடிக்கலாம். கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்கே இருட்டிவிடும், அப்போது 3.30க்குத் தொடங்குங்கள். நோன்பு மாதத்தில் காலை 10 மணி. ரியூசன் ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள், ஒரு மாதம்தானே. நோன்பு வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாள் முன்தள்ளி வரும் என்பதால் போன வருடத் திகதியைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள்.

மாசி முதல் ஆனி வரை: வாசிப்பு அமர்வு

ஓர் அமர்வுக்கு இரண்டு ஆக்கம் மட்டும். கதை 1500 சொல், கவிதை 30 வரி. புதன்கிழமைக்குள் செயலாளர் கையில் இருக்கவேண்டும். வரிக்கு வரி இடம்விட்டு, ஓரத்தில் வரி எண் போட்டு, வருகிறவர்களின் எண்ணிக்கைக்குப் போட்டோக்கொப்பி எடுங்கள். போனில் படித்துவிட்டு வருகிறவர் "நல்லாயிருக்கு" என்பதோடு நிறுத்திவிடுவார். தாளும் பேனையும் கையில் இருந்தால் எதையாவது கீறுவார்.

எழுதியவர் வாசிக்கக்கூடாது. அவர் குரல் ஏற்ற இறக்கத்தால் பிழையை மூடிவிடும். இன்னொருவர் முன்தயாரிப்பில்லாமல் வாசிக்கட்டும். அவர் தடுக்கிற இடத்தில் எல்லோரும் கோடு போடட்டும். பிறகு ஆளுக்கு மூன்று நிமிடம். வரி எண் சொல்லித்தான் கருத்துச் சொல்லவேண்டும். எழுதியவர் கடைசிவரை வாய் திறக்கக்கூடாது, விளக்கமும் சொல்லக்கூடாது.

பேசும் வரிசையில்தான் அநேக வட்டங்கள் சறுக்குகின்றன. ஓய்வுபெற்ற அதிபர் முதலில் பேசிவிட்டால், "சேர் சொன்னதுதான் எனக்கும்" என்று பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். வயதில் இளையவரிலிருந்து தொடங்கி மேலே போங்கள். மூத்தவர்களுக்கு முதல் மாதம் சங்கடமாக இருக்கும், மூன்றாம் மாதம் பழகிவிடும்.

ஒரு திருத்தம் எப்படி நடக்கும் என்பதற்கு:

"செவ்வானம் குருதி வடித்தது. அலைகள் ஆர்ப்பரித்தன. ராசனின் உள்ளம் சொல்லொணாத் துயரில் ஆழ்ந்தது."

இதைப் பிழை என்று சொல்லவேண்டாம். ஒரே ஒரு கேள்வி: அந்த நேரம் ராசனின் கை என்ன செய்துகொண்டிருந்தது? எழுதியவர் வீட்டுக்குப் போய் இப்படி மாற்றிக்கொண்டு வரலாம்:

"வலை கரையேறி, மீனும் பங்கு பிரித்தாயிற்று. ராசன் மட்டும் இன்னும் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான்."

பேச்சுமொழிக்குத் தனிக் கவனம் தேவை. கிண்ணியாக் கதையில் வருகிற "வாப்பா"வை "அப்பா" ஆக்குவது திருத்தம் ஆகாது. உரையாடலில் கை வைக்க அந்தந்த ஊர்க்காரருக்கு மட்டும் உரிமை கொடுங்கள்.

வைகாசியில் ஓர் அமர்வை வெளியில் வையுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் நல்ல இடம். ஏழு கிணறு, ஏழுக்கும் சூடு வேறு. ஒவ்வொன்றிலும் கைவிட்டுப் பார்த்து ஏழு வாக்கியம் எழுதவேண்டும். "சூடு", "வெப்பம்", "கொதி" மூன்றும் தடை. நான்காவது கிணற்றோடு சொல் தீர்ந்துவிடும், அதற்குப் பிறகுதான் எழுத்து தொடங்கும். கச்சான் காற்று எழும்புகிற நாட்களில் கடற்கரையில் தாளோடு உட்காராதீர்கள்.

ஆடி, ஆவணி: தொகுப்பு

தொகுப்பு நூலுக்கு ஆக்கம் தர ஜூன் 30 கடைசித் திகதி. பிந்தியது அடுத்த வருடத்துக்கு, தலைவருடையதாக இருந்தாலும்.

96 பக்கத்துக்குத் திட்டமிடுங்கள். அச்சில் 16 பக்கம் ஒரு போர்மா, ஆக ஆறு போர்மா. 97ஆம் பக்கம் வந்தால் ஏழாவது போர்மாவுக்கும் காசு கட்டவேண்டும். ஏ5 அளவில், 11 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 200 சொல் பிடிக்கும். 1500 சொல்லில் எட்டுக் கதை 60 பக்கம். கவிதை 16 பக்கம். தலைப்பு, பதிப்புரை, பொருளடக்கம் எட்டு. மிஞ்சுகிற 12 பக்கமும் கதைத் தொடக்கங்களின் வெற்றிடத்திலும் வழிந்து வருகிற வரிகளிலும் போய்விடும். தாளின் கனம் சதுர மீற்றருக்கு உள்தாள் 80 கிராம், அட்டை 250 கிராம். 300 பிரதிக்கு ஓப்செற், டிஜிற்றல் அச்சு இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள். குறைந்த பிரதிக்கு ஓப்செற் பிளேட் செலவு கட்டாது.

எழுத்துருவில் கவனம். அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு ஓடுகிறது. ஒருவர் யூனிகோட்டிலும் இன்னொருவர் பாமினியிலும் தந்து இரண்டையும் மாற்றி எடுத்தால், காற்புள்ளி வரவேண்டிய இடத்தில் "இ" வந்து குந்தும். பாமினியில் காற்புள்ளி விசையில் "இ" இருப்பதுதான் காரணம். எல்லோரிடமும் யூனிகோட்டில் மட்டும் வாங்குங்கள்.

புரூப் மூன்று தரம், தாளில். முதல் தரம் ஒருவர் வாசிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்பிடட்டும். ர/ற, ல/ள/ழ, ன/ண அங்கேதான் பிடிபடும். இரண்டாவது தரம் பக்க எண்ணும் தலைப்பும். மூன்றாவது தரம் திருத்திய வரியை மட்டும் பார்க்காமல் அந்தப் பந்தியையே பாருங்கள், வரி நகரும்போது புதுப் பிழை புகும். ஐஎஸ்பிஎன் என்கிற சர்வதேசப் புத்தக எண்ணுக்கு கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் அட்டை வடிவமைப்பு முடிவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

புரட்டாதி: வெளியீடு

செப்டெம்பர் இலக்கிய மாதம், மழையும் தொடங்கியிராது. மார்கழிக்குத் தள்ளினால் வெள்ளமும் பரீட்சையும் குறுக்கே வரும்.

மொத்தம் இரண்டு மணித்தியாலம். விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை 25 நிமிடம், ஆய்வுரை ஒன்றே ஒன்று, 25 நிமிடம், ஆக்கங்களிலிருந்து மூன்று வாசிப்பு, ஏற்புரை, நன்றியுரை. நேரத்தைத் தின்பது சிறப்புப் பிரதி வழங்கல். பெயர் கூப்பிட்டு, மேடையேறி, படம் எடுத்து, இறங்க ஆளுக்கு ஒரு நிமிடம் ஆகும். முதற்பிரதியோடு ஐந்து பேரை மட்டும் அழையுங்கள். மற்றவர்களுக்கு வாசலில் மேசை.

அந்த மேசைக்கு இரண்டு பேர். பிரதி வாங்குகிறவர்கள் என்வலப்பில் வைத்துத் தரும் காசில்தான் அச்சகக் கடன் அடையும். ஒவ்வொரு என்வலப்பிலும் எண் எழுதி, அதே எண்ணோடு பெயரைக் கொப்பியில் பதியுங்கள். அங்கே திறக்கவேண்டாம். அன்றிரவே பொருளாளரும் இன்னொருவரும் சேர்ந்து திறந்து எண்ணி இருவரும் கையொப்பம் வைக்கட்டும். ஒருவர் தனியே எண்ணிய காசைப் பற்றி ஊர் இரண்டு வருடம் கதைக்கும்.

எழுதியவர்களுக்கு ஆளுக்கு ஐந்து பிரதி. பொது நூலகத்துக்கும் பாடசாலை நூலகங்களுக்கும் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். எண்ணிமப் (டிஜிற்றல்) பிரதியை, இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேமித்துவைக்கும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டால் பெட்டி கரையான் அரித்தாலும் புத்தகம் இருக்கும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை

மழைக்கு வருகை பாதியாகும். புதிய ஆக்கம் கேட்காமல் சேர்ந்து பழையதை வாசியுங்கள். திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895இல் வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுவது. ஒரு பக்கத்தை உரக்க வாசித்து, அவர் வாக்கியத்தின் நீளத்தையும் உங்கள் தொகுப்பின் வாக்கிய நீளத்தையும் எண்ணிப் பாருங்கள். கரண்ட் போகும், ரோச் லைற் ஒன்று இருக்கட்டும்.

விற்காத பிரதிகளைப் பொலித்தீனில் சுற்றி நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள், சுவரில் முட்டக்கூடாது. கணக்கை மார்கழி 15க்குள் கணக்காய்வாளரிடம் கொடுத்தால்தான் தைக் கூட்டத்துக்கு 14 நாள் முன்னறிவித்தலோடு அதையும் சேர்த்து அனுப்பலாம்.