கோடையில் மருத்துவ ஆராய்ச்சி: செட்டிநாட்டுப் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள்?

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த கையோடு காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் "லீவில் ஏதாவது லேபில் சேர முடியுமா?" என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். ஆசையில் தப்பில்லை, கேட்கிற நேரம்தான் தப்பு. அமெரிக்கத் திட்டங்கள் பலவற்றுக்கும் பிப்ரவரிக்குள்ளேயே விண்ணப்பம் முடிந்துவிடும். போதாததற்கு அவர்களுடைய கோடை ஜூனில்தான் ஆரம்பிக்கிறது. நமக்கு அப்போது பள்ளி திறந்துவிடும்.

அடுத்தது, தகுதி என்ன என்று பார்க்காமலே படிவம் நிரப்புவது. ஸ்டான்ஃபோர்டு மருத்துவத் துறையின் கோடை ஆராய்ச்சித் திட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும் மட்டும்தான். இங்கே ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தரும் குறுகிய கால உதவித்தொகை எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு. அறிவியல் அகாடமிகளின் கோடை ஃபெல்லோஷிப்புக்குக் கல்லூரி போயிருக்க வேண்டும். அறிவியல் மாணவர்களுக்கான கே.வி.பி.ஒய். உதவித்தொகை 2022-லேயே நின்றுபோனது, ஆனாலும் பழைய வீடியோக்களை நம்பி இன்னும் தேடுகிறார்கள்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது வேறு. மருத்துவ ஆராய்ச்சி என்றாலே ஆஸ்பத்திரியும் ஸ்டெதஸ்கோப்பும் என்று நினைத்துக்கொள்கிறோம். வீட்டில் அப்பத்தாவுக்குச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரின் ஸ்ட்ரிப்பை எடுத்துப் பாருங்கள். அதில் தடவியிருக்கும் நொதி ரத்தத்திலுள்ள குளுக்கோஸோடு வினைபுரிகிறது. அதில் வெளிப்படும் எலக்ட்ரான்கள் மின்முனைக்குப் போகின்றன. அந்த மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. முழுக்க மின்வேதியியல்! அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட 'சிக்ரி' (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) காரைக்குடியிலேயே இருக்கிறது. பள்ளி மாணவர்களை விஞ்ஞானிகளோடு சேர்த்துவைக்க, சிக்ரியை நடத்தும் மத்திய ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆருக்கு 'ஜிக்யாசா' என்ற திட்டமும் உண்டு. தலைமையாசிரியரிடம் சொல்லிப் பள்ளி மூலமாக அணுகுவது நல்லது. அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இருக்கிறது. பேராசிரியருக்குக் கடிதம் எழுதினால், ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பாதீர்கள். அவருடைய ஆய்வு ஒன்றைப் படித்துவிட்டு, புரியாத ஓர் இடத்தைப் பற்றிக் கேளுங்கள். பதில் வரும் வாய்ப்பு அப்போதுதான் கூடும்.

சரி, லேப் கிடைக்கவில்லை, தெருவில் எல்லாருக்கும் சர்க்கரை பார்த்துப் பட்டியல் போடலாமா? கூடாது. தெரிந்த ஆச்சிதான், ஒன்றும் சொல்லமாட்டார் என்பது ஒப்புதல் ஆகாது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு முன்கூட்டியே நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். வீட்டுச் சமையலறையில் பாக்டீரியா வளர்ப்பதும் வேண்டாம். பள்ளி மாணவர்களுக்கான ஐசெஃப் போன்ற சர்வதேச அறிவியல் போட்டிகளில் அதற்கு நேரடித் தடையே இருக்கிறது.

பணம் கட்டினால் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம் என்று எவராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

லேப் கிடைத்தவர்களுக்கு ஒரு விஷயம். மிகச் சிறிய அளவில் திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டின் பொத்தானுக்கு இரண்டு நிறுத்தங்கள் உண்டு. திரவத்தை உறிஞ்சும்போது முதல் நிறுத்தம் வரைதான் அழுத்த வேண்டும். இரண்டாவது, மிச்சத்தை வெளியே தள்ளுவதற்கு. பதற்றத்தில் இரண்டாவது வரை அழுத்தி உறிஞ்சினால் அளவு கூடிவிடும், பிறகு வரும் முடிவெல்லாம் கோணல். முதல் நாளே வெறும் தண்ணீரில் பழகுங்கள். 100 மைக்ரோலிட்டர் எடுத்துத் தராசில் விட்டால் 0.1 கிராம் காட்ட வேண்டும்.