கார்ப்பெட்டைக் கழுவியவர்கள் கிளம்பிய பிறகு

ஆள் வைத்து கார்ப்பெட்டைக் கழுவியாயிற்று. மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கிளம்பியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். பாதி வேலை அதற்கப்புறம்தான் இருக்கிறது. சென்னை மாதிரி காற்றிலேயே ஈரம் நிற்கிற ஊரில், கார்ப்பெட் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியில்தான்.

மேலே தடவிப் பார்த்துவிட்டு காய்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. சூடான தண்ணீரைப் பாய்ச்சி உறிஞ்சி எடுக்கும் முறையில் நுனி இழைகள் சீக்கிரம் உலர்ந்துவிடும். வேர்ப்பகுதியும் அடித்துணியும் ஈரமாகவே இருக்கும். உள்ளங்கையை நன்றாக அழுத்தி வையுங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. மடக்கக்கூடிய விரிப்பு என்றால் ஒரு மூலையைப் புரட்டி முதுகையும் பாருங்கள். காற்றோட்டம் இருந்தால் 6 முதல் 12 மணி நேரம் ஆகும், புழுக்கமான நாளில் ஒரு முழு நாள்கூட ஆகலாம். 24 முதல் 48 மணி நேரத்துக்கு மேல் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். அந்த மக்கல் வாடை சாம்பிராணி போட்டெல்லாம் போகாது.

சீலிங் ஃபேன் மட்டும் போதாது. டேபிள் ஃபேனைத் தரையில் வைத்து, காற்று கார்ப்பெட்டின் மேல் படர்ந்து போகும்படி திருப்புங்கள். வெயில் அடிக்கும் பகலில் ஜன்னலைத் திறக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தால் வெளி ஈரம்தான் உள்ளே வரும். மூடிவிட்டு ஏசியை டிரை மோடில் போடுவது நல்லது. கம்பளி விரிப்பை மொட்டைமாடி வெயிலில் போட்டால் சாயம் வெளுத்துவிடும். கொடிக்கயிற்றில் தொங்கவிட்டால் நனைந்த கனத்தில் உருக்குலையும்.

காய்ந்த பிறகு பழைய கறை திரும்ப எட்டிப் பார்த்தால், கழுவியவரைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். அடியில் மிச்சமிருந்த அழுக்கை, மேலேறும் ஈரம் நுனிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இதைத் தடுக்க, ஈரமாக இருக்கும்போதே கறை இருந்த இடத்தில் வெள்ளைத் துண்டை மடித்து வைத்து, மேலே கனமாக ஏதாவது வைத்தால் துண்டு அதை இழுத்துக்கொள்ளும். சோபா, பீரோவை உடனே பழைய இடத்துக்கு நகர்த்தாதீர்கள். இரும்புக் காலின் துருவும் மரத்தின் பாலிஷும் ஈர இழையில் இறங்கினால் எடுப்பது கஷ்டம். வேறு வழியில்லை என்றால் காலுக்கு அடியில் பிளாஸ்டிக் அட்டையாவது வையுங்கள்.

சரி, கழுவிய பின் கறை ஒட்டாமல் இருக்க அடிக்கும் கறை தடுப்பானுக்கு வருவோம். 1953இல் அமெரிக்காவின் 3எம் நிறுவன ஆய்வகத்தில் ஒரு திரவம் கேன்வாஸ் ஷூவில் சிந்தியது. அந்த இடத்தில் மட்டும் தண்ணீரும் அழுக்கும் ஒட்டவில்லை என்பதை அங்கே வேலை செய்த வேதியியலாளர்கள் பாட்ஸி ஷெர்மனும் சாம் ஸ்மித்தும் கவனித்ததில் பிறந்ததுதான் ஸ்காட்ச்கார்ட் என்ற கறை தடுப்பான். ஒவ்வொரு இழையின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிந்தால்தான் அது வேலை செய்யும். அதனால் சோப்பு மிச்சம் ஒட்டியிருக்கும் கார்ப்பெட்டில் அடிப்பது வீண். ஒரே இடத்தில் நிறைய அடித்தால் இழை விறைத்துப் பிசுபிசுக்கும்; லேசாக, சீராக அடித்து பிரஷ்ஷால் பரப்ப வேண்டும். கழுவியவர்கள் அடிக்கும் தண்ணீர் கலந்த வகையை ஈரம் இருக்கும்போதே போடுவது வழக்கம். கடையில் வாங்கும் ஸ்பிரே டின்கள் பலவற்றுக்கு கார்ப்பெட் முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் லேபிளைப் படியுங்கள். முதலில் சோபாவுக்கு அடியில், கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பார்ப்பதும் அவசியம்.

ஸ்பிரே டின்னை எடுப்பதற்கு முன் பூஜை விளக்கையும் ஊதுபத்தியையும் அணைத்துவிடுங்கள். பல டின்களில் தீப்பிடிக்கும் கரைப்பான் இருக்கிறது. ஸ்பிரேயிலிருந்து பறக்கும் நுண்துளிகளை சுவாசிப்பது நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் வேறு அறையில் வைத்து, காற்றோட்டத்துக்கு வழி செய்யுங்கள். பழைய ஸ்காட்ச்கார்டில் இருந்த ஃப்ளோரின் சேர்மம் ஒன்று உடலிலும் மண்ணிலும் சிதையாமல் தங்குகிறது என்று தெரிந்து, 2000இல் 3எம் நிறுவனமே அதைக் கைவிடுவதாக அறிவித்தது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் ஃப்ளோரின் இல்லாத வகையைக் கேட்டு வாங்குவதே என் விருப்பம்.

அடித்தாயிற்று என்று சாம்பார் சிந்தும்போது அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். கறை இறங்குவதைத் தடுப்பான் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மஞ்சள் தானே ஒரு சாயம். நைலான் இழைக்குள் இறங்கிவிடும். சோப்பு போட்டால் சிவந்து இன்னும் எடுப்பாகத் தெரியும். தேய்க்காமல் உடனே துணியால் ஒற்றி எடுங்கள்.

பூச்சு இன்னும் இருக்கிறதா என்று அறிய, நன்றாகக் காய்ந்த கார்ப்பெட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் இருக்கிறது. அதிகம் நடக்கும் இடத்தில்தான் முதலில் தேயும் என்பதால், வாசல் பக்கமும் சோபாவுக்கு முன்னாலும் விட்டுப் பார்த்தால் போதும்.